பிளௌ லேனில் ஒரு சனிக்கிழமை: ஏஎஃப்சி விம்பிள்டன் ஆட்டம் பார்க்கப் போகலாமா?

ஊரிலிருந்து யார் லண்டனுக்கு வந்தாலும், உதைபந்தாட்டம் பார்க்க வேண்டும் என்றால் கேட்பது செல்சி, ஆர்சனல், டொட்டன்ஹாம்தான். அந்த டிக்கெட்டுகள் லேசில் கிடைக்காது, கிடைத்தாலும் ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு போய்விடும். கொஞ்ச நாளாக நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன்: டூட்டிங் பிராட்வேயில் இறங்குங்கள், கரட் லேன் வழியாக இருபது, இருபத்தைந்து நிமிடம் நடங்கள், பிளௌ லேனில் விம்பிள்டன் ஆடுவதைப் பாருங்கள். மூன்றாம், நான்காம் பிரிவு ஆட்டத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில் மைதானம். ஒன்பதாயிரம் பேருக்குச் சற்று மேல் கொள்ளும், அவ்வளவுதான். ஒரு பக்கம் உயரமான பிரதான மேடை, மற்ற மூன்று பக்கமும் தாழ்வு, சுற்றிலும் புதிய அடுக்குமாடி வீடுகள். சில வீடுகளின் பால்கனியிலிருந்து பார்த்தால் புல்தரையின் ஒரு துண்டு தெரியும் என்று நினைக்கிறேன். பந்து ஓரத்துக்கு வரும்போது ஆட்டக்காரர் மூச்சு வாங்குவது கேட்கிறது, பயிற்றுநர் கத்துவது கேட்கிறது, நடுவரிடம் ஒரு பாட்டி என்ன சொன்னார் என்பதும் கேட்கிறது. ஐம்பதாயிரம் பேர் இருக்கும் மைதானத்தின் மேல்வரிசையில் உட்கார்ந்து எறும்பு ஓடுவதைப் பார்ப்பது போலப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் ஐந்து நிமிடத்திலேயே புரியும். உட்கார விருப்பமில்லாதவர்களுக்குக் கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கும் பகுதி உண்டு. பாட்டு முழுக்க அங்கிருந்துதான் வரும். சிறு பிள்ளைகளோடு போனால் பக்கவாட்டு மேடையில் எடுங்கள்.

ஆட்டத்தின் தரம் எப்படி என்றால், தொலைக்காட்சியில் பார்க்கும் பிரீமியர் லீக் இல்லை, பந்து அடிக்கடி வானத்தில்தான் இருக்கும். ஆனால் ஒருவரும் பொய்யாக விழுந்து உருளுவதில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பதின்மூன்று வயது மகனுக்கும் சேர்த்துக் கொடுத்த காசு, பெரிய கழகம் ஒன்றின் ஒரே ஒரு இருக்கைக்குப் போதாது.

சரி, இதெல்லாம் எந்தச் சிறிய கழகத்துக்கும் பொருந்தும். இந்த இடத்துக்கு மட்டும் உரியது அதன் கதை. அது தெரியாமல் போனால் பாதி ஆட்டம்தான் பார்த்ததாகும்.

எனக்கு அதைச் சொன்னவர் பக்கத்து இருக்கையில் வழக்கமாக உட்காரும் ஒரு முதியவர். பழைய பிளௌ லேன் மைதானம் இதே வீதியில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் குடியிருப்பு. 1889இல் தொடங்கிய பழைய விம்பிள்டன் கழகம் 1977இல்தான் ஃபுட்பால் லீக் என்ற தேசியப் பிரிவுகளுக்குள் வந்தது, ஒன்பதே வருடத்தில் முதல் பிரிவுக்கு ஏறியது, 1988இல் வெம்ப்ளியில் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்ஏ கிண்ணத்தைத் தூக்கியது. லோரி சான்செஸ் தலையால் அடித்த கோல். அப்புறம் ஜோன் ஆல்ட்ரிட்ஜின் தண்ட உதையை டேவ் பெசன்ட் பாய்ந்து தடுத்தார். வெம்ப்ளியில் நடந்த எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம் ஒன்றில் தண்ட உதை தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. இதைச் சொல்லும்போது அவர் தன் இரண்டு கையையும் இடது பக்கம் நீட்டிக் காட்டினார், எதிரே ஆட்டம் நடந்துகொண்டிருப்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டார்.

1991 மே மாதம் பழைய மைதானத்தில் கடைசி ஆட்டம், கிறிஸ்டல் பேலஸுக்கு எதிராக, 3-0 தோல்வி. மேல் பிரிவு மைதானங்களில் இருக்கை மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதி வந்திருந்த காலம். பழைய இடத்தை அதற்கேற்ப மாற்ற முடியாது என்று உரிமையாளர்கள் சொன்னார்கள். அடுத்த பருவத்திலிருந்து அதே பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒட்டுக்குடித்தனம். கொஞ்ச நாளைக்கு என்று போனது பன்னிரண்டு வருடம் இழுத்தது. அதற்கிடையில் பழைய நிலம் விற்கப்பட்டது, கழகம் நோர்வேக்காரர்கள் கைக்குப் போனது. டப்ளினுக்குக் கொண்டுபோகலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. கடைசியில் 2001இல் மில்ட்டன் கீன்ஸ் என்று அறிவித்தார்கள். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, வேறு ஊர், வேறு மக்கள். 2002 மே மாதம் மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. ஆதரவாளர்கள் தாங்களே விம்பிள்டனில் புதிதாக ஒரு கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று அந்த அறிக்கையில் எழுதியும் வைத்தார்கள். அந்தச் சொற்களை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. சிறு பையன்களுக்கும் மனப்பாடம்.

உகந்ததல்ல என்று சொன்னதை ஆதரவாளர்கள் சில வாரத்திலேயே செய்து காட்டினார்கள், அதுதான் ஏஎஃப்சி விம்பிள்டன். 2002 ஆனி மாதம் விம்பிள்டன் பொதுவெளிப் புல்தரையில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தேர்வு வைத்தார்கள், இருநூறுக்கு மேற்பட்டவர்கள் வந்து ஆடினார்கள். முதல் நட்பு ஆட்டம் சட்டன் யுனைட்டெட்டோடு, 4-0 தோல்வி. ஆனால் பார்க்க வந்தவர்கள் நான்காயிரத்து அறுநூறு பேருக்கு மேல். அடிமட்ட லீக்கில் தொடங்கி, 2003க்கும் 2004க்கும் இடையில் 78 லீக் ஆட்டங்கள் தோற்கவே இல்லை, ஒன்பது வருடத்தில் ஐந்து தடவை மேலேறி, 2011இல் லூட்டனைத் தண்ட உதையில் வென்று ஃபுட்பால் லீக்குக்குள் வந்துவிட்டார்கள். கடைசி உதையை அடித்தவர் தலைவர் டானி கெட்வெல். அந்த முதியவர் அன்று மான்செஸ்டரில் இருந்தாராம். அதைப்பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனி என் வீட்டுக் கதை. என் அக்கா குடும்பம் இருப்பது மில்ட்டன் கீன்ஸில். அங்கே போன கழகத்தின் இப்போதைய பெயர் எம்கே டான்ஸ். அக்காவின் மகன் 2005இல் பிறந்தவன், அந்தக் கழகத்தின் ஆதரவாளன், சாதாரண ஆதரவாளன் இல்லை, வெளியூர் ஆட்டங்களுக்கும் போகிறவன். என் மகன் விம்பிள்டன். பொங்கல், தீபாவளி, யாருடைய பிறந்தநாள் என்றாலும் சாப்பாட்டு மேசையில் இதுதான் சண்டை. இங்கே பழைய ஆட்கள் அந்தக் கழகத்தின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள், ‘ஃபிரான்சைஸ்’ என்பார்கள். கோழிக்கடைக் கிளை திறப்பதைப் போல ஒரு ஊரின் கழகத்தை இன்னொரு ஊரில் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். 2017இல் இரண்டும் லீக்கில் மோதியபோது விம்பிள்டன் மைதானத்துப் பலகையில் ‘மில்ட்டன் கீன்ஸ்’ என்று மட்டும் போட்டார்கள், டான்ஸ் என்ற சொல்லைப் போடவில்லை. லீக் நிர்வாகம் விளக்கம் கேட்டுக் குற்றச்சாட்டே வைத்து, பிறகு கைவிட்டது. டான்ஸ் என்பது விம்பிள்டனின் செல்லப்பெயர், அதைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு ஏன் மரியாதை என்பது என் மகனின் வாதம்.

மருமகன் ஒரு நாள் என்னை நேராகவே கேட்டான். “மாமா, நீங்கள் லண்டனுக்கு வந்தது 2008இல். அவர்கள் கழகத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது நீங்கள் இந்த நாட்டிலேயே இல்லை. உங்களுக்கு எங்கே நோகுது? நான் யாருடையதையும் திருடவில்லை. நான் பிறந்த ஊரில் ஒரு கழகம் இருந்தது, அப்பா கூட்டிக்கொண்டு போனார். ஒன்பது வயதில் மான்செஸ்டர் யுனைட்டெட்டை 4-0 என்று அடித்ததைக் கண்ணால் பார்த்தேன், டெலி அலி அன்று ஆடினார். அதை மறந்துவிட்டு வேறு ஊர்க் கழகத்தை ஆதரிக்கச் சொல்கிறீர்களா?”

நல்ல கேள்வி, இன்றைக்கும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் சொன்னதில் ஒன்றுக்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை, ஏனென்றால் மறுப்பு இல்லை. அவனுடைய கழகமே 2007இல் 1988 கிண்ணத்தின் மாதிரியையும் பழைய விருதுகளையும் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் பகுதிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது, எங்கள் வரலாறு 2004இல் தொடங்குகிறது என்று ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு பிறந்த, அல்லது வளர்ந்த பிள்ளைகளைத் திருடர் என்று பாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மைதானத்தில் அந்தப் பாட்டு வரும்போது நானும் மகனும் பாடுவதில்லை.

ஆனால் எங்கே நோகுது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நான் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு. எங்கள் பக்கத்தில் கழகம் என்றால் ஊர். குருநகர் என்றால் பாடும்மீன், நாவாந்துறை என்றால் சென். மேரிஸ், அந்த இரண்டும் மோதினால் யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் மைதானத்தில். கழகத்துக்கு உரிமையாளர் என்று ஒருவர் இருக்க முடியும் என்பதே எனக்கு இங்கு வந்துதான் தெரியும். 1990இல் போரால் நாங்கள் ஊரை விட்டு எழும்பினோம். முகாமில் இருந்த காலத்திலும் எங்கள் பெடியங்கள் ஊர்க் கழகத்தின் பெயரிலேயே அணி இறக்கினார்கள். மைதானம் இல்லை, கோல்கம்பம் இல்லை, இரண்டு பனம்மட்டையை நட்டுவிட்டு ஆடினார்கள். பெயரை மட்டும் விடவில்லை. அந்த முதியவர் விம்பிள்டன் பொதுவெளியில் தேர்வு நடந்ததைச் சொன்னபோது எனக்கு அந்தப் பனம்மட்டைதான் கண்ணுக்குள் வந்தது. ஒரு கழகம் ஊரை விட்டுப் போகலாம், போக வேண்டியும் வரலாம், ஆனால் அந்த ஊர்ச் சனத்தைக் கேட்காமல் அதன் பெயரை வேறொருவர் எடுத்துப்போக முடியாது. இதை மருமகனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு நான் அவனிடம் ஒன்று கேட்டேன். 2024இல் உன் கழகத்தை அதன் உரிமையாளர் பீட் விங்கல்மன் குவைத்துக் குழுவொன்றுக்கு விற்றாரே, உன்னை யாராவது கேட்டார்களா? இல்லை என்றான். நல்லவர்களாக இருக்கலாம், காசு போடலாம், முப்பதாயிரம் இருக்கை உள்ள அந்த அழகான மைதானம் ஒருநாள் நிறையவும் செய்யலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பிளௌ லேனில் கழகத்தின் பெரும்பான்மை உரிமை ஆதரவாளர்களின் டான்ஸ் டிரஸ்டிடம் இருக்கிறது. ஆண்டு உறுப்பினர் கட்டணம் ஒரு ஜெர்சியின் விலையை விடக் குறைவு, ஒருவருக்கு ஒரு வாக்கு. பத்து வருடமாக வருகிறவருக்கும் ஒரு வாக்கு, போன மாதம் சேர்ந்த எனக்கும் ஒரு வாக்கு.

அது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. புதிய மைதானத்தைக் கட்டி முடிக்க 2019 கடைசியில் பெரும் பணப் பற்றாக்குறை வந்தது, வெளி முதலீட்டாளர்களிடம் போக வேண்டியிருக்கும் என்று பேச்சு எழுந்தது. உறுப்பினர்களில் பலர் விடவில்லை. கடன்பத்திரம் வெளியிட்டு ஆதரவாளர்களிடமே ஐம்பது இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டினார்கள். நாய் ஓட்டப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் மைதானம் எழுந்தது. 2020 நவம்பர் 3ஆம் தேதி டொன்காஸ்டரோடு முதல் ஆட்டம், 2-2. இருபத்தொன்பது வருடம் கழித்து வீதிக்குத் திரும்பி வந்த நாளில் கொரோனாவால் மேடைகள் வெறுமை. அந்தக் காசைக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அன்று வீட்டில் கணினித் திரைக்கு முன்னால் இருந்திருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. அதே வருடம் ஊரடங்கில் இந்த ஆதரவாளர்கள்தான் ஒரு உதவிக் குழு தொடங்கி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு உணவுப்பொருள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

டிக்கெட் பற்றி ஒரு எச்சரிக்கை. கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் வாங்குங்கள். 2024 மார்ச் 2ஆம் தேதி மில்ட்டன் கீன்ஸ் வந்த ஆட்டத்துக்கு எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மகன் அழாத குறை. ஒரு மறுவிற்பனைத் தளத்தில் இரட்டை விலை கொடுத்து வாங்கினேன். வாசலில் இயந்திரம் சிவப்பு விளக்குக் காட்டியது, டிக்கெட் செல்லாது. உதவி எண்ணுக்கு அடித்தால் ஒலிப்பதிவுதான் பேசியது. காசு இன்றுவரை வரவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றேன், மகன் மறுத்தான். ஆட்டம் முழுவதும் வெளியில், பிளௌ லேன் நடைபாதையில் நின்றோம், கைப்பேசியில் வானொலி வர்ணனை, சுவருக்கு அப்பால் பாட்டு. தொண்ணூறு நிமிடமும் முடிந்துவிட்டது, கோல் இல்லை. சேர்த்துக் கொடுத்த நேரத்தில் ரோனன் கர்ட்டிஸ் அடித்தார். வானொலியில் வருவதற்கு முன்பே சுவருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்துவிட்டது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண், அவரும் டிக்கெட் இல்லாமல் நின்றவர்தான், என் மகனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அடுத்த நாளே நாங்கள் முறைப்படி டிக்கெட்டுக்கான உறுப்பினர் திட்டத்தில் பதிந்துகொண்டோம். பெரிய ஆட்டங்களுக்கு அதில் இருப்பவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு.

காரில் போக வேண்டாம், சுற்றிலும் குடியிருப்பு, நிறுத்த இடம் இல்லை. ஹேடன்ஸ் ரோடு ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. விம்பிள்டன் பார்க்கில் இறங்கியும் நடக்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கழகத்தின் சின்னமாக வேடமிட்டு வரும் ஹேடன் என்ற வொம்பிள் (சிறுவர் கதைகளில் வரும் விலங்கு) பொம்மையைத் தேடிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், அந்த வீதியின் பெயர்தான் அதற்கும். மழைச்சட்டை கட்டாயம். மைதானத்துக்குள் ‘பை’ (pie) என்ற மாவுப் பண்டமும் உருளைக்கிழங்குப் பொரியலும் உண்டு, இடைவேளையில் சூடாகத் தேநீரும் குடிக்கலாம், ஆனால் வயிற்றைக் காலியாக வைத்திருங்கள். ஆட்டம் முடிந்து டூட்டிங்குக்குத் திரும்பி நடந்தால் வழியெல்லாம் நம் கடைகள். கொத்துரொட்டி போடும் தகரச் சத்தம் தெருவிலேயே கேட்கும். நீலமும் மஞ்சளும் கழுத்துத்துண்டு போட்ட வெள்ளைக்கார முதியவர் ஒருவர் மட்டன் ரோல் இரண்டு வாங்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன். காலையில் வந்தால் எஃப்ரா ரோட்டுக் கணபதி கோயிலுக்குப் போய்விட்டு மைதானத்துக்கு வரலாம், அதிக தூரமில்லை.

2025 மே மாதம் வெம்ப்ளியில் வால்சாலை 1-0 என்று வென்று விம்பிள்டன் மூன்றாம் பிரிவுக்கு ஏறியது, மைல்ஸ் ஹிப்போலிட் அடித்த கோல். மில்ட்டன் கீன்ஸ் அந்தப் பருவத்தில் கீழேயே நின்றுவிட்டது. அன்று இரவு மருமகன் என் மகனுக்கு ஒரு செய்தி அனுப்பினான், வாழ்த்துகள் என்று ஒரே சொல். மகன் அதை என்னிடம் காட்டிவிட்டு என்ன பதில் போடுவது என்று கேட்டான். ‘ஒரு ஆட்டத்துக்கு எங்களோடு வா’ என்று போடச் சொன்னேன். வருகிறானாம், ஆனால் பாட மாட்டானாம். அவனுக்கும் சேர்த்து மூன்று இருக்கை எடுத்திருக்கிறேன், அந்த முதியவரின் வரிசைக்குப் பின்னால்.